26,000 பவுண்டு பாக்ஸ் டிரக்கில் உண்மையில் எவ்வளவு லோடு ஏற்றலாம்?

கேள்வி

வணக்கம். அமெரிக்காவில் பழைய பாக்ஸ் டிரக் ஒன்றை வாங்கி, மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு கொண்டுசெல்லும் தொழிலைத் தொடங்கலாம் என்றிருக்கிறேன். என்னிடம் இருப்பது சாதாரண ஓட்டுநர் உரிமம்தான். வணிக ஓட்டுநர் உரிமமான சி.டி.எல். கிடையாது. அதனால் சி.டி.எல். தேவைப்படாத வண்டியாகத் தேடி, 26 அடிப் பெட்டியும் இரண்டே அச்சுகளும் கொண்ட ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

விற்பவர், "12,000 பவுண்டு தாராளமாக ஏற்றலாம்" என்று விளம்பரம் கொடுத்திருக்கிறார். ஓட்டுநர் கதவைத் திறந்து பார்த்தபோது, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருந்த பட்டையில் ஜி.வி.டபிள்யூ.ஆர். 26,000 பவுண்டு என்றும், முன் அச்சுக்கு 10,000, பின் அச்சுக்கு 19,000 என்றும் அச்சிட்டிருந்தார்கள். அங்கிருந்துதான் என் குழப்பம் தொடங்கியது. இரண்டு அச்சுகளின் அளவையும் கூட்டினால் 29,000 வருகிறது. அப்படியானால் அந்த 26,000 எதற்கு? எனக்குத் தெரிந்த ஒருவர், நெடுஞ்சாலைச் சட்டம் ஓர் அச்சுக்கு 20,000 பவுண்டு வரை அனுமதிப்பதால் இரண்டு அச்சு வண்டி 40,000 வரை போகலாம், எந்த எடை நிலையத்திலும் நிறுத்த மாட்டார்கள் என்கிறார். இன்னொருவரோ, பட்டையில் 33,000 என்று போட்ட பெரிய வண்டியையே வாங்கி, லோடோடு சேர்த்து 26,000-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் சி.டி.எல். இல்லாமலே ஓட்டலாம் என்று அடித்துச் சொல்கிறார்.

இதற்கிடையில் ஒரு சரக்குத் தரகர், 12 பேலட்டில் (சரக்கை அடுக்கும் மரத் தட்டுகளில்) 12,000 பவுண்டு லோடு ஒன்று இருக்கிறது, வண்டி கைக்கு வந்ததும் தொடர்ந்து தருகிறேன் என்கிறார். இத்தனை எண்களில் நான் கணக்கில் கொள்ள வேண்டியது எது? இந்த லோடை ஒப்புக்கொள்ளலாமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.


முதல் பதில்

வணக்கம். சரக்கு நிறுவனமொன்றில் வண்டிகளின் பொறுப்பைப் பார்த்துக்கொள்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். விளம்பரத்தில் உள்ள 12,000 தவிர, உங்களுக்குச் சொல்லப்பட்ட எண்கள் எல்லாமே உண்மையானவை. ஆனால் அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்திலிருந்து, வெவ்வேறு காரணத்துக்காக வந்தவை. ஒன்றுக்கு உட்பட்டுவிட்டதால் மற்றொன்று தள்ளுபடியாகிவிடாது. எல்லா வரம்புகளும் ஒரே நேரத்தில் வண்டியைக் கட்டுப்படுத்தும். அவற்றில் எது முதலில் எட்டப்படுகிறதோ அதுதான் உங்கள் வரம்பு.

கதவுப் பட்டையிலிருந்து தொடங்குவோம். ஜி.வி.டபிள்யூ.ஆர். என்பது, வண்டி, பெட்டி, எரிபொருள், ஓட்டுநர், கருவிகள், சரக்கு ஆகிய அனைத்தும் சேர்ந்து எவ்வளவு எடை வரை இருக்கலாம் என்று தயாரிப்பாளர் நிர்ணயித்த உச்ச அளவு. சேஸிஸ், ஸ்பிரிங், ஸ்டீயரிங், பிரேக் என்று முழு வண்டியையும் ஒன்றாகக் கருதி வைத்த எண் அது. அச்சுக்கான எண்களோ அந்தந்த அச்சு, அதைத் தாங்கும் ஸ்பிரிங், சக்கரம், டயர் ஆகியவற்றை மட்டும் குறிப்பவை. இரண்டு அச்சுகளின் கூட்டுத்தொகை மொத்த எண்ணைவிடக் கூடுதலாக இருப்பது வழக்கம். லோடு எப்போதும் கச்சிதமாகப் பங்கிடப்படுவதில்லை. சற்று முன்னுக்கோ பின்னுக்கோ சாய்ந்தாலும் ஓர் அச்சு உடனே வரம்பைத் தாண்டிவிடாதபடி அந்த இடைவெளி உதவுகிறது. அதை 3,000 பவுண்டு கூடுதல் கொள்ளளவு என்று எடுத்துக்கொண்டால், 26,000 பவுண்டுக்கென்று தீர்மானித்த பிரேக்கை 29,000-ஐ நிறுத்தச் சொல்வதாகிவிடும்.

அடுத்தது உரிமம். இங்கேதான் உங்கள் இரண்டாவது நண்பர் தவறான வழி காட்டுகிறார். அமெரிக்க மத்திய அரசான கூட்டரசின் விதிப்படி தனி வண்டிக்கு சி.டி.எல். தேவையா என்பதைத் தீர்மானிக்கும் எல்லை 26,001 பவுண்டு. பட்டையில் உள்ள அளவு, வண்டியின் உண்மையான எடை ஆகிய இரண்டில் எது அதிகமோ அதையே அந்த விதி கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆகவே 33,000 என்று பட்டை ஒட்டிய வண்டியை முற்றிலும் காலியாக ஓட்டினாலும் அதற்கு சி.டி.எல். வேண்டும். பலர் கவனிக்காத மறுபக்கமும் இதில் உண்டு. பட்டையில் 26,000 என்றிருக்கும் வண்டியில் அளவுக்கு மீறி ஏற்றி, எடை மேடையில் 27,000 காட்டினால், அந்தக் கணத்தில் அது சி.டி.எல். தேவைப்படும் வண்டியாகிவிடுகிறது. அதிக எடைக்கான குற்றச்சாட்டோடு, உரிய உரிமம் இல்லாமல் ஓட்டிய குற்றச்சாட்டும் சேர்ந்துகொள்ளும். இரண்டாவது முதலாவதைவிடப் பல மடங்கு கடுமையானது.

இனி, எவ்வளவு ஏற்றலாம் என்ற கேள்வி. விளம்பரத்தில் உள்ள 12,000-ஐ மறந்துவிடுங்கள். அதே மாதிரி, அதே ஆண்டு வண்டிகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் காலி எடை ஒன்றாக இருக்காது. ஒன்றில் சரக்கை ஏற்றி இறக்கும் தூக்குத் தட்டான லிஃப்ட் கேட் இருக்கும், மற்றொன்றில் சாய்தளம் மட்டும் இருக்கும். லிஃப்ட் கேட் மட்டுமே வகையைப் பொறுத்து ஆயிரம் பவுண்டை ஒட்டியோ தாண்டியோ வரலாம். குளிர்சாதனப் பெட்டி என்றால் அதன் காப்புச் சுவரும் இயந்திரமும் இன்னும் கணிசமாகக் கூட்டும். டீசல் ஒரு கேலனுக்கு ஏறத்தாழ 7 பவுண்டு. 50 கேலன் தொட்டி நிறைந்தால் 350 பவுண்டு. பேலட்டைத் தூக்கி நகர்த்தும் பேலட் ஜாக், கட்டும் பட்டைகள், குறுக்குக் கம்பிகள், போர்வைகள், உதவியாளர் ஒருவர் என்று சேரச் சேர எடை சத்தமின்றி ஏறிவிடும்.

ஆகவே செய்ய வேண்டியது ஒன்றுதான். வாங்குவதற்கு முன், தொட்டியை நிரப்பி, அன்றாடம் எடுத்துச் செல்லும் எல்லாவற்றையும் ஏற்றி, நீங்களே ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களில் உள்ள எடை மேடையில் வண்டியை நிறுத்துங்கள். அந்த மேடை தனித்தனித் தகடுகளாக இருக்கும். முன் சக்கரங்கள் முதல் தகட்டிலும் பின் சக்கரங்கள் அடுத்த தகட்டிலும் நிற்குமாறு பார்த்துக்கொண்டால், மொத்த எடை மட்டுமன்றி இரண்டு அச்சுகளின் எடையும் தனித்தனியாகச் சீட்டில் வரும். 26,000-இலிருந்து அந்த மொத்தத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் உங்கள் சரக்குக்கான இடம். லிஃப்ட் கேட் உள்ள 26 அடி வண்டிகள் 15,000 பவுண்டை ஒட்டி இருப்பது சாதாரணம். அப்படியானால் மிஞ்சுவது 11,000. தரகர் சொல்லும் 12,000 அதில் அடங்காது.

தரகரிடம் இன்னொன்றும் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். அவர் சொல்லும் எடை பேலட்டையும் சேர்த்ததா, சரக்கு மட்டுமா? ஒரு மரப் பேலட் 40 பவுண்டு என்று வைத்தாலே 12 பேலட்டுக்கு 480 பவுண்டு ஆகிறது. சரக்குச் சீட்டில் எழுதியுள்ள எடை சில நேரங்களில் தோராயமாகப் போட்டதாகவும் இருக்கும். சாலையில் வரம்பு மீறி நிற்பது உங்கள் வண்டி என்பதால், கிடங்கை விட்டுப் புறப்பட்டதும் வழியில் முதலில் வரும் மேடையில் எடை போட்டுப் பார்த்துவிட்டுத் தொடர்வதே பாதுகாப்பு.

டயரையும் விட்டுவிடாதீர்கள். பக்கச் சுவரில் ஒற்றைச் சக்கரமாகப் பயன்படுத்தும்போது ஓர் எடையும், இரட்டைச் சக்கரமாகப் பயன்படுத்தும்போது அதைவிடக் குறைந்த ஓர் எடையும், அதற்குரிய காற்றழுத்தத்தோடு எழுதியிருக்கும். அந்த அழுத்தம் குறைந்தால் தாங்கும் எடையும் குறைகிறது. பழைய வண்டி வாங்குகிறீர்கள். முந்தைய உரிமையாளர் மலிவாகக் கிடைத்ததென்று குறைந்த தரத்து டயரை மாட்டியிருந்தால், கதவுப் பட்டை சொல்லும் 19,000-ஐ அந்த அச்சு தாங்காது.


கேட்டவரின் மறுமொழி

மிக்க நன்றி ஐயா. நீங்கள் சொன்னபடியே விற்பவரின் சம்மதத்தோடு வண்டியை எடை மேடைக்குக் கொண்டுபோனேன். முன் அச்சு 7,000, பின் அச்சு 8,000, மொத்தம் 15,000 பவுண்டு என்று முழு எண்ணாக்கி வைத்துக்கொள்ளலாம். தரகரிடம் 12,000 முடியாது என்று சொல்லி, 10,000 பவுண்டு என்றால் ஏற்கிறேன் என்றேன், அவரும் ஒப்புக்கொண்டார்.

இப்போது இரண்டு ஐயங்கள் மிஞ்சியிருக்கின்றன. மொத்தம் 25,000 தான் வருகிறது என்பதால், பேலட்டுகளைப் பெட்டிக்குள் எங்கு வைத்தாலும் சரிதானா? கனமான சில பேலட்டுகளை இறக்க வசதியாகக் கதவை ஒட்டியே வைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். இரு அச்சுகளுக்கும் இடையிலான தூரம் 260 அங்குலம் என்று வண்டியின் விவரத்தாளில் இருக்கிறது. இரண்டாவதாக, இடம் போதாத நாட்களில் பின்னால் ஒரு சிறிய டிரெய்லரைப் பூட்டிக்கொண்டால் சி.டி.எல். தேவைப்படுமா?


இரண்டாம் பதில்

முதல் கேள்விக்கு மட்டும் நான் விடை தருகிறேன், ஏனெனில் சாலைகளின் தாங்குதிறன் என் துறை. சுருக்கமாகச் சொன்னால், எங்கு வைத்தாலும் சரியில்லை. உங்கள் எண்களை வைத்தே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

26 அடிப் பெட்டி என்பது 312 அங்குலம். பெட்டியின் நடுப்புள்ளி பின் அச்சுக்கு 26 அங்குலம் முன்னால் விழுகிறது என்று கொள்வோம். இது இவ்வகை வண்டிகளுக்கு நடைமுறையை ஒட்டிய அளவுதான் என்றாலும், உங்கள் வண்டியில் நாடா வைத்து அளந்துவிடுங்கள். ஒரு சுமை பின் அச்சுக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறதோ, அந்தத் தூரத்தை இரு அச்சுகளுக்கும் இடையிலான தூரத்தால் வகுத்தால் கிடைக்கும் பங்கு முன் அச்சுக்குப் போகும். மீதி பின் அச்சுக்கு. 10,000 பவுண்டையும் பெட்டி முழுவதும் சமமாகப் பரப்பினால், 26-ஐ 260-ஆல் வகுக்க, பத்தில் ஒரு பங்கு, அதாவது 1,000 பவுண்டு முன்னாலும் 9,000 பின்னாலும் இறங்கும். வண்டியின் காலி எடையோடு சேர்த்தால் முன் அச்சு 8,000, பின் அச்சு 17,000. இரண்டும் வரம்புக்குள் இருக்கின்றன.

அதே 10,000 பவுண்டை, இறக்குவதற்கு வசதி என்று பெட்டியின் பின்பாதியில் மட்டும் அடுக்கினால் என்ன ஆகும்? பின்பாதியின் நடுப்புள்ளி பின் அச்சுக்கு 52 அங்குலம் பின்னால் போய்விடுகிறது. அச்சுக்குப் பின்னால் வைக்கும் எடை சீசா பலகையில் ஒரு முனையை அழுத்துவதுபோல் முன் பகுதியைத் தூக்கிவிடும். 52-ஐ 260-ஆல் வகுக்க ஐந்தில் ஒன்று; எனவே முன் அச்சிலிருந்து 2,000 பவுண்டு கழிந்து, பின் அச்சில் 12,000 கூடும். முன் அச்சு 5,000, பின் அச்சு 20,000. மொத்தம் அதே 25,000 தான். ஆனால் பின் அச்சு தயாரிப்பாளர் விதித்த 19,000-ஐ ஆயிரம் பவுண்டு மீறிவிட்டது. கூட்டரசுச் சட்டம் தனி அச்சுக்கு விதித்த 20,000-இன் விளிம்பிலும் நிற்கிறது. அதைவிட எனக்குக் கவலை தருவது முன் அச்சு. வண்டியின் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் ஸ்டீயரிங் சக்கரங்கள் மேல் இருக்கிறது. ஈரச் சாலையில் திருப்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அந்தச் சக்கரங்கள் தரையைப் பற்ற வேண்டிய அளவுக்குப் பற்றாது.

அதனால் முழுவதையும் கேபினை ஒட்டி முன்பாதியில் நெருக்கிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். அப்போது சுமையின் நடுப்புள்ளி அச்சுக்கு 104 அங்குலம் முன்னால் வரும். முன் அச்சில் 4,000 கூடி 11,000 ஆகும். உங்கள் முன் அச்சின் வரம்பு 10,000. ஆக, ஒரே லோடு, ஒரே வண்டி, மூன்று விதமாக அடுக்கினால் இரண்டு விதத்தில் தவறாகிறது. கனமான பேலட்டுகளைப் பின் அச்சுக்குச் சற்று முன்னால், பெட்டியின் நடுப்பகுதியில் வைத்து, இலகுவானவற்றை இரு முனைகளுக்கும் தள்ளுங்கள்.

பல இடங்களில் இறக்கிக்கொண்டே போகும் நாட்களில், ஒவ்வொரு நிறுத்தத்துக்குப் பிறகும் கணக்கு மாறும். சமமாகப் பரப்பிய லோடில் பின்பாதியின் 5,000 பவுண்டை முதலில் இறக்கிவிட்டால் முன் அச்சு 9,000, பின் அச்சு 11,000 என்று நிற்கும், அது பரவாயில்லை. முன்பாதியிலேயே கனமான சரக்கைக் குவித்துப் புறப்பட்டிருந்தால் அந்த 9,000 எளிதில் வரம்பைத் தாண்டியிருக்கும்.

லிஃப்ட் கேட்டுக்கு என்று தனி வரம்பு உண்டு, அதற்கும் ஜி.வி.டபிள்யூ.ஆருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 2,500 பவுண்டு தாங்கும் தட்டில் 2,200 பவுண்டு பேலட் ஏறலாம் என்று தோன்றும். ஆனால் அதைத் தள்ளிவரும் மின் பேலட் ஜாக் தானே பல நூறு பவுண்டு. அதை இயக்குபவரும் தட்டின் மேல்தான் நிற்கிறார். மூன்றையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

சட்டம் ஏன் மொத்த எடையோடு நிற்காமல் ஒவ்வோர் அச்சையும் தனியாகக் கேட்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1958 முதல் 1960 வரை இலினாய் மாநிலத்தின் ஒட்டாவா நகருக்கருகே, அதற்கென்றே அமைத்த பாதைகளில் டிரக்குகளைத் தொடர்ந்து ஓட்டிச் சாலை எப்படித் தேய்கிறது என்று சோதித்தார்கள். அச்சின் எடை கூடக் கூட, சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழ அந்த எடையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப வளர்கிறது என்பது அதிலிருந்து கிடைத்த முடிவு. மேலே கண்ட எடுத்துக்காட்டில் பின் அச்சு 17,000-இலிருந்து 20,000 ஆனது. எடை ஆறில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகமாகக் கூடியது. சாலைக்கு அந்த அச்சு விளைவிக்கும் தேய்மானமோ கிட்டத்தட்ட இரு மடங்காகிவிட்டது. ஒரு பவுண்டு சரக்கும் கூடவில்லை. அடுக்கிய விதம்தான் மாறியது.

மாநில நெடுஞ்சாலைகளுக்கும் உள்ளூர்ச் சாலைகளுக்கும் அந்தந்த மாநிலம் வேறு அளவு வைத்திருக்கலாம். மினசோட்டா, மிச்சிகன் போன்ற வட மாநிலங்களில் பனி உருகும் வசந்த காலத்தில், சாலைக்கு அடியில் உள்ள மண் நீரில் ஊறித் தளர்ந்திருக்கும் என்பதால், பல சாலைகளில் அச்சு வரம்பைத் தற்காலிகமாகக் குறைப்பார்கள். அங்கே லோடு எடுப்பதற்கு முன் அந்த அறிவிப்புகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.


மூன்றாம் பதில்

டிரெய்லர் பற்றி நண்பர் கேட்டதற்கு வருகிறேன். அதற்கு முன், 26,000 என்ற கோட்டுக்குள் இருந்துவிட்டால் எல்லா விதிகளிலிருந்தும் விடுதலை என்ற எண்ணம் புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களிடம் பரவலாக இருப்பதால், அதைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். அந்தக் கோடு சி.டி.எல். உரிமத்துக்கானது. மாநிலங்களுக்கு இடையே வணிகச் சரக்கு ஏற்றும் வண்டி 10,001 பவுண்டைத் தொட்டாலே கூட்டரசு மோட்டார் வாகனப் பாதுகாப்பு விதிகளுக்குள் வந்துவிடுகிறது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் யு.எஸ்.டி.ஓ.டி. எண் பெற்று வண்டியின் இருபுறமும் எழுதியிருக்க வேண்டும். ஓட்டுநர் உடல்தகுதிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். ஓட்டும் நேரத்துக்கான வரம்பும் பொருந்தும். பிறர் சரக்கை வாடகைக்கு ஏற்றுவதால் அதற்கான இயக்க அனுமதியும் தேவை. சில மாநிலங்கள் தம் பங்குக்கு வேறொரு கோடும் வைத்திருக்கின்றன. நியூயார்க்கின் நெடுஞ்சாலைப் பயன்பாட்டு வரி 18,000 பவுண்டைத் தாண்டிய வண்டிகளுக்கே தொடங்கிவிடுகிறது. உங்கள் வண்டி அந்த வழியாகப் போகுமானால் முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள்.

பதிவெடை என்று ஒன்று உண்டு, அதையும் பாருங்கள். வண்டியைப் பதிவு செய்யும்போது எவ்வளவு மொத்த எடையில் ஓட்டப் போகிறீர்கள் என்று பல மாநிலங்களில் அறிவிக்க வேண்டியிருக்கும். கட்டணமும் அதைப் பொறுத்ததே. முந்தைய உரிமையாளர் கட்டணத்தை மிச்சப்படுத்த 20,000 என்று அறிவித்திருந்து, நீங்களும் அதையே தொடர்ந்தால், பட்டையில் 26,000 இருந்தாலும் 25,000-இல் போகும்போது பதிவை மீறியவராகிறீர்கள். பதிவெடையைக் குறைத்து எழுதுவதால் சி.டி.எல். தேவை மாறுவதும் இல்லை. அது பட்டையையும் மேடையையும் மட்டுமே பார்க்கிறது.

பாலங்களைப் பொறுத்தவரை, கிராமப்புறச் சாலைகளில் எடை வரம்புப் பலகைகள் டன் கணக்கில் இருக்கும். அங்கே ஒரு டன் என்பது 2,000 பவுண்டு. 10 டன் என்று எழுதிய பாலத்தை, காலியாக 15,000 பவுண்டு, அதாவது ஏழரை டன்னில் திரும்பி வரும்போது நீங்கள் கடக்கலாம். 25,000 பவுண்டோடு போகும்போது உங்கள் எடை பன்னிரண்டரை டன், அப்போது கடக்கக் கூடாது. கார்களுக்கான வழிகாட்டிச் செயலி இதைச் சொல்லாது. டிரக்குக்கென்று உள்ள செயலியில் வண்டியின் எடையையும் உயரத்தையும் பதிந்து வையுங்கள்.

இனி டிரெய்லர். கூட்டரசு விதியின்படி, இழுக்கும் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 26,001 பவுண்டோ அதற்கு மேலோ இருந்து, டிரெய்லர் மட்டும் 10,000 பவுண்டைத் தாண்டினால்தான் முதல் வகை சி.டி.எல். தேவை. எனவே 26,000 பட்டை உள்ள உங்கள் டிரக்குக்குப் பின்னால், 10,000 வரை பட்டை உள்ள டிரெய்லரை, அதன் உண்மை எடையும் அந்த அளவைத் தாண்டாத வரை, சாதாரண உரிமத்தோடு இழுக்கலாம். இது விதியில் உள்ள வழிதான். ஆனால் மாநிலங்களுக்கு இடையே போகும்போது இரண்டு வண்டிகளின் எடையும் சேர்ந்து 26,000-ஐக் கடந்தால், எரிபொருள் வரியைப் பல மாநிலங்களுக்கும் பங்கிடும் இஃப்டா ஒப்பந்தத்துக்குள் நீங்கள் வந்துவிடுகிறீர்கள். உரிமம் மாறவில்லை என்ற நிம்மதியில் இஃப்டா கணக்கு தொடங்காமல் ஓட்டிச் சோதனையில் மாட்டிக்கொள்பவர்களைப் பார்க்கிறேன். மாநிலப் பதிவும் இதேபோல் சேர்த்த எடைக்கு ஏற்ப மாற வேண்டியிருக்கும். பதிவு அலுவலகத்தில் டிரெய்லரைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

டிரக்கின் இழுதிறனும், பின்னால் பொருத்திய கொக்கியின் திறனும் தனித்தனி எண்கள். இரண்டில் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் கேட் உள்ள பல வண்டிகளில் கொக்கி பொருத்தவே இடம் இருக்காது என்பதால், வாங்கும் முன் அதையும் குனிந்து பார்த்துவிடுவது நல்லது.

கடைசியாக, டிரெய்லரின் எடை முழுவதும் அதன் சொந்தச் சக்கரங்கள் மேல் நிற்பதில்லை. வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கோ சற்றுக் கூடுதலோ கொக்கியின் மேல் இறங்கும். அந்தப் பங்கு உங்கள் டிரக்கின் எடையாகவே மேடையில் பதிவாகும். 10,000 பவுண்டு டிரெய்லர் 1,000 பவுண்டை உங்கள் கொக்கியில் வைக்கிறது என்று கொள்ளுங்கள். மேலே நண்பர் போட்ட கணக்கின்படி பெட்டியின் பின்முனை அச்சுக்கு 130 அங்குலம் பின்னால் இருக்கிறது. கொக்கியும் அங்கேயே இருந்தால், முன் அச்சில் 500 குறைந்து பின் அச்சில் 1,500 கூடும். சமமாகப் பரப்பிய 10,000 பவுண்டு லோடோடு முன்பு 8,000-மும் 17,000-மும் இருந்த அச்சுகள் இப்போது 7,500, 18,500 ஆகின்றன. டிரக்கின் மொத்தம் சரியாக 26,000. டிரெய்லருக்குள் சரக்கைச் சற்று முன்னால் வைத்துவிட்டாலே கொக்கியின் பங்கு கூடி இந்த எண் தாண்டிவிடும். ஆகவே டிரெய்லர் பூட்டும் நாட்களில் பெட்டிக்குள் 9,000 பவுண்டுக்கு மேல் வைக்காமல், முதல் முறை இரண்டையும் பூட்டியபடியே மேடையில் ஏற்றி, மூன்று தகடுகளின் எடையையும் தனித்தனியாக வாங்கிப் பாருங்கள்.